கோழிச்சாறும் மிளகும்: யாழ்ப்பாணச் சமையல் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

அரசுகள் எழுந்ததையும் வீழ்ந்ததையும் கல்வெட்டுக்களும் செப்பேடுகளும் கூறுகின்றன. காணி எவருடையது, வரி எவ்வளவு என்பனவற்றை ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகள் கூறுகின்றன. ஆயின், அடுப்பில் ஏற்றிய சட்டியில் எது இடப்பட்டது, எது விலக்கப்பட்டது என்பதனை எழுதிவைத்தல் எவருக்கும் அவசியமாகத் தோன்றவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சமையல் வரலாற்றை ஆராயப் புகுவோர் முதலில் எதிர்கொள்ளும் இடர் இதுவே. எழுத்துச் சான்று கிடையாத இடத்து வழக்கமே சான்றாதல் வேண்டும். வழக்கங்களுள்ளும் மிக மெதுவாக மாறுவதே நம்பத்தக்க சான்றாகும். அவ்வகையில், அரியாலை முதலான ஊர்களிலே நோயுற்றோருக்கும் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் காய்ச்சிக் கொடுக்கப்பட்டுவரும் கோழிச்சாறு, நானூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு சமையல் முறையின் எச்சமாக நோக்கத்தக்கது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்தாகும்.

அரியாலை, யாழ்ப்பாண நகரின் கிழக்கே கண்டி வீதியை அடுத்து அமைந்து, தெற்கே கடனீரேரியைத் தொட்டு நிற்கும் ஊர். வயலும் பனந்தோப்பும் தோட்டமும் கடற்றொழிலும் ஒருங்கே வாய்த்த ஊராதலின், மச்சம் உண்ணும் வீடுகளின் அன்றாடக் கறி மீனும் நண்டும் இறாலுமே. வீட்டில் வளர்த்த கோழி அன்றாட உணவாக இருந்ததில்லை. விருந்தினர் வந்தால் அறுபடும். வீட்டில் எவரேனும் படுக்கையில் விழுந்தால் அறுபடும். முன்னையது கறியாயிற்று, பின்னையது சாறாயிற்று. இவ்விரண்டும் ஒரே கோழியினின்றும் ஒரே அடுப்பிலே ஆவன எனினும், சேரும் சரக்குகளை நோக்குமிடத்து இரு வேறு காலத்தைச் சேர்ந்தவை எனலாம்.

சாறு காய்ச்சும் முறையை முதலிற் காண்போம். அதற்குரியது ஊர்க்கோழி. இறகு களைந்தபின் காவோலையைக் கொளுத்தி அச்சுவாலையில் கோழியை வாட்டி, மஞ்சள் பூசிக் கழுவி, எலும்போடு துண்டங்களாக வெட்டுவர். கழுத்தும் காலும் நெஞ்செலும்பும் நீக்கப்படுவதில்லை. எலும்புகள் அம்மிக்குழவியால் ஒருமுறை தட்டப்படுவதும் உண்டு. மண்சட்டியிலே குளிர்ந்த நீரில் இறைச்சியை இட்டு, பனைமட்டையோ ஊமலோ எரியும் மெல்லிய தீயில் வைப்பர். மேலெழும் நுரையை அகப்பையால் அகற்றுவர். தீயை மிகுத்தாற் சாறு கலங்கும் என்பது சமைப்போர் யாவரும் அறிந்தது. இதன் காரணத்தை இன்றைய விஞ்ஞானம் எளிதில் விளக்கும். எலும்பையும் தசைநாரையும் பிணைத்து நிற்கும் கொலாசன் என்னும் புரதம் நீண்டநேர மெல்லிய வெப்பத்திலே கரைந்து செலற்றீன் ஆகின்றது. ஆறவைத்த சாறு களிபோல் இறுகுவதும், குடிக்குமிடத்து நாவிலே கனத்து நிற்பதும் அதனாலேயே. நீர் கொந்தளித்துக் கொதிப்பின் கொழுப்பு நுண்துளிகளாகச் சிதறிச் சாற்றோடு கலந்துவிடும். நோயாளியின் வயிற்றுக்கு அது ஆகாது எனக் கருதப்பட்டது.

இறைச்சி வெந்துவரும்போது அம்மி வேலை தொடங்கும். மிளகு, நற்சீரகம், மல்லி, வேர்க்கொம்பு, உள்ளி, மஞ்சள் ஆகியன நீர்விட்டு மையாக அரைக்கப்படும். பிள்ளை பெற்றவளுக்காயின் திப்பிலியும் சேரும். சிறிது சின்னவெங்காயமும் உப்பும் இட்டு, அரைத்த கூட்டைக் கரைத்து ஊற்றி, அது கொதித்து மணம் எழுந்ததும் இறக்கி வடிப்பர். தேசிக்காய் விடுவதாயின் இறக்கியபின்பே விடுவர். முன்னர் விடின் கைக்கும். செத்தல் மிளகாய் இல்லை, பச்சை மிளகாய் இல்லை, தேங்காய்ப்பால் இல்லை, பழப்புளியும் இல்லை.

இங்கு ஒரு சொல்வழக்கும் நோக்கற்பாலது. கறியைச் 'சமைப்பர்' அல்லது 'காய்ச்சுவர்'. சாற்றைக் 'காய்ச்சுவர்' என்பதன்றிச் 'சமைப்பர்' எனக் கேட்பது அரிது. கஞ்சியும் வைத்தியரின் குடிநீரும் காய்ச்சப்படுவனவே. சொல்லளவிலேயே சாறு உணவுக்கும் மருந்துக்கும் இடைப்பட்டதாக நிற்கின்றது.

இனிக் கறியை நோக்குவோம். யாழ்ப்பாணத்துக் கோழிக்கறியின் நிறமும் உறைப்பும் மிளகாயினின்றும் வருவன. செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, பெருஞ்சீரகம், நற்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை முதலியவற்றை வறுத்து இடித்த தூளிலே மிளகாயே முதன்மையானது. மிளகு அங்கே ஒரு சிறு துணைப்பொருள். வெளியூரார் யாழ்ப்பாணச் சமையலை நினைக்குந்தோறும் முதலில் நினைப்பது இவ்வுறைப்பையே. ஆயின் மிளகாய் இம்மண்ணுக்கு வந்தேறி. அது மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகளுக்கு உரிய செடி. 1492இல் கொலம்பஸ் அக்கண்டத்தை அடைந்த பின்னரே பிற உலகம் அதனை அறிந்தது. 1498இல் வாஸ்கொடகாமா கோழிக்கோட்டை அடைந்தான். 1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக் கரையை அடைந்தனர். 1510இல் கோவா அவர்வசமாயிற்று. 1619இல் யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது. மிளகாய் நம் தோட்டங்களிற் பரவியது அவர்தம் கடல்வழித் தொடர்புகளின் பின்பேயாம். நல்லூரிலிருந்து ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளுள் பெரும்பாலோர் மிளகாயைக் கண்டதே இல்லை என்பது இன்று எண்ணுதற்கு வியப்பாகவே உள்ளது.

வந்தேறிக்குப் பழையவனின் பெயரே சூட்டப்பட்டது. மிளகு போன்று உறைக்கும் காய் ஆதலின் 'மிளகாய்' ஆயிற்று. சிங்கள மொழியில் நடந்தது இதனினும் சுவையானது. அங்கே 'மிரிஸ்' என்னும் சொல்லை மிளகாயே எடுத்துக்கொண்டது. மிளகு 'கம்மிரிஸ்', அஃதாவது ஊர் மிரிஸ், எனப் பெயர் பெற்றது. சொந்தப் பெயரையே இழந்து அடைமொழியோடு நிற்கவேண்டிய நிலை! யாழ்ப்பாணத்தில் அடுக்களைக்கு வழங்கும் 'குசினி' என்னும் சொல்லும், பாண், கோப்பை என்னும் சொற்களும் போர்த்துக்கேயர் வழிவந்தனவே. குசினியின் பெயரையே மாற்றிய அத்தொடர்பு நோயாளியின் சட்டியினுள் மட்டும் மிளகாயைப் புகுத்த முடியாது போனமை ஏன் என்னும் வினா இங்கு எழுகின்றது.

இதற்கு எளிய விடை ஒன்று உண்டு. மிளகாய் வயிற்றை எரிக்கும். ஆதலின் நோயாளிக்கு ஆகாது என்பர். இவ்விடை போதாது. மிளகும் உறைப்பதே. வேர்க்கொம்பும் திப்பிலியும் உறைப்பனவே. உறைப்பே விலக்கின் காரணமாயின் இவையும் விலக்கப்பட்டிருத்தல் வேண்டும். சாற்றிலோ இவை அளவு குறையாமல் இடப்படுகின்றன. எனவே, விலக்கப்பட்டது உறைப்பு அன்று; உறைக்கும் பொருள்களுள் ஒன்று மட்டுமே.

உண்மைக் காரணத்தை மருத்துவ மரபிலே தேடவேண்டும். சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் திரிகடுகு எனத் தொகுத்துக் கூறப்படுதல் மிகப் பழமையான வழக்கு. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றுக்குத் திரிகடுகம் எனப் பெயரிடுமளவுக்கு அது முற்காலத்திலேயே யாவரும் அறிந்த மருந்துத் தொகுதியாய் இருந்தது. யாழ்ப்பாண மன்னர் காலத்தனவாகப் போற்றப்படும் செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்களும் இம்மரபில் வந்தனவே. ஏட்டில் இருந்த பரராசசேகரம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே ஏழாலை ஐ. பொன்னையபிள்ளையின் முயற்சியால் அச்சேறியது. பொருள்களின் குணமும் எப்பொருள் எந்நோய்க்கு ஆகும் என்னும் பாகுபாடும் மிளகாய் வருமுன்னரே வகுக்கப்பட்டு நிலைபெற்றுவிட்டன. பின்னர் வந்த மிளகாய்க்குக் கறிச்சட்டியில் இடம் இருந்தது. அட்டவணை முன்னரே நிரம்பிவிட்டமையால் மருந்துச்சட்டியில் இடம் இருக்கவில்லை.

இங்கு ஒரு தடையை ஒப்புக்கொள்ளல் வேண்டும். சாற்றில் விலக்கப்படுவன யாவும் புதியன அல்ல. தேங்காயும் புளியும் போர்த்துக்கேயருக்கு மிக முற்பட்டவை. அவை பத்தியம் நோக்கி விலக்கப்பட்டன. ஆகவே விலக்குகளை மட்டும் கொண்டு வாதிடுதல் பிழையாகும். சேர்க்கப்படுவனவற்றைக் கொண்டு வாதிடலாம். மரபான சாற்றிலே சேர்க்கப்படும் பொருள்களுள் பதினாறாம் நூற்றாண்டுக்குப் பின் வந்தது ஒன்றேனும் இல்லை. தக்காளி இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. மிளகாயோடு அமெரிக்காவிலிருந்து வந்த இவையும் வெளியே நிற்றல் தற்செயலாக இருத்தல் அரிது.

இக்கருத்துக்கு வலுவூட்டும் ஒப்புமைகள் வேறிடங்களில் உள. தமிழகத்துப் பிராமணர் வீடுகளிலே சிராத்தச் சமையலில் மிளகாய் சேர்ப்பதில்லை, மிளகே சேரும். தக்காளியும் உருளைக்கிழங்கும் அன்றைக்கு விலக்கு. ஒரிசாவின் பூரி ஜெகந்நாதர் கோயில் மடைப்பள்ளியிலும் இவை புகுவதில்லை. பிதிரருக்குப் படைப்பதும் தெய்வத்துக்குப் படைப்பதும் நோயாளிக்குக் கொடுப்பதும் ஒன்றல்ல. கோழிச்சாற்றைச் சிராத்தத்தோடு ஒப்பிடின் இருசாராரும் முகஞ்சுளித்தல் கூடும். எனினும் மூன்றிடத்தும் செயற்படும் நியதி ஒன்றே. பிழை நேரின் விளைவு பெரிது என மக்கள் அஞ்சும் சமையலிலே புதுமைக்கு இடமில்லை. விருந்திலே புதியதைச் சோதித்துப் பார்க்கலாம். பிள்ளை பெற்று ஐந்தாம் நாளில் கிடப்பவளிடம் எவர் சோதிப்பர்?

பொருளாதாரமும் இவ்வேறுபாட்டுக்கு உதவியது. மிளகுக்கொடி ஈரமும் நிழலும் மிக்க மலைச்சாரலை வேண்டுவது. சுண்ணக்கல்மேற் படிந்த மெல்லிய மண்ணையும் ஆண்டிற் சில மாத மழையையும் உடைய குடாநாட்டில் அது பயிராவதில்லை. ஆகவே யாழ்ப்பாணத்தவருக்கு மிளகு என்றும் விலைகொடுத்து வாங்கிய பண்டமே. மிளகாயோ கிணற்று நீரை இறைத்துச் செய்யும் தோட்டத்திலே செழித்தது. வீட்டுப் பின்புறத்தில் இரண்டு செடி நின்றால் ஒரு குடும்பத்துக்குப் போதும். அமெரிக்காவிலிருந்து வந்த மற்றொரு பயிரான புகையிலையோடு சேர்ந்து அது குடாநாட்டுத் தோட்டச் செய்கையின் தூண்களுள் ஒன்றாயிற்று. 1970 முதல் 1977 வரை சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியபோது யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் நல்ல வருவாய் பெற்றனர். 1977இன் பின் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தபோது அவ்வருவாய் சரிந்தது. இவ்வாறு மலிந்தது மிளகாய். அரிதாய் இருந்தமையால் மிளகு சிறு செப்பில் வைத்துச் சிறுகச் செலவிடும் பொருளாயிற்று. மருந்துக்குரிய மதிப்பு அதற்கு எஞ்சியதில் இவ்வருமைக்கும் பங்குண்டு.

தமிழரின் மிளகுநீர் வேறொரு வழியாகவும் பயணஞ்செய்தது. மைசூர்ப் போர்களில் ஹைதர் அலியின் படையிடம் பிடிபட்டுப் பெங்களூர்ச் சிறையிற் கிடந்த ஆங்கிலக் கடற்படையினன் ஒருவன், அங்கே மிளகுதண்ணீரும் கஞ்சியுமே உணவு என நொந்து பாடிய 1784ஆம் ஆண்டுப் பாட்டொன்றை ஹொப்சன் ஜொப்சன் அகராதி எடுத்துக்காட்டுகின்றது. சிறையிலே வெறுத்ததனை ஆங்கிலேயர் விருந்திலே விரும்பினர். சென்னை மாகாணத்து ஆங்கிலேயருக்கே 'மல்' என்னும் பட்டப்பெயர் இவ்வுணவால் வந்தது. மல்லிகட்டானி என மருவிய அது, இறைச்சியும் கறித்தூளும் சேர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையல்நூல்களில் இடம்பெற்றது. கோழியிட்ட மல்லிகட்டானியையும் அரியாலைக் கோழிச்சாற்றையும் ஒரு மூலத்தின் இரு கிளைகள் எனலாம். முன்னையது பணக்காரர் மேசையை அடைந்து உருமாறியது. பின்னையது பாயருகே வைக்கப்பட்ட கோப்பையிலே உருமாறாது நின்றது.

சைவ மரபு வேரூன்றிய ஊரிலே கோழிச்சாறு எவ்வாறு நிலைத்தது என்பதும் ஆராயத்தக்கது. அரியாலைக்கு அண்மையதான நல்லூரிலே 1822இல் பிறந்த ஆறுமுக நாவலர் தம் பாலபாடத்திற் புலாலுண்ணலைக் கண்டித்து எழுதினார். அதே ஆண்டிலே அமெரிக்காவிற் பிறந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயிலே தமிழ் மாணவருக்கு மேனாட்டு வைத்தியம் கற்பித்து, 'பிரசவ வைத்தியம்' முதலிய நூல்களைத் தமிழில் வெளிக்கொணர்ந்தார். அக்கால மேனாட்டு வைத்தியமும் நோயாளிக்கு இறைச்சிச் சாற்றையே பெரிதும் நம்பியிருந்தது. புளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதிய தாதியியற் குறிப்புக்களிலே மாட்டிறைச்சிச் சாற்றின் போசாக்கை மக்கள் மிகைப்படுத்துகின்றனர் என எச்சரிக்க நேர்ந்தமையே அந்நம்பிக்கையின் அளவைக் காட்டும். மச்சம் விலக்கிய வீடுகள் மிளகு இரசத்தோடு அமைந்தன. ஏனையோர் நல்லூர்த் திருவிழாக் காலத்திற் கோழியை மறந்து, பின்னர் காய்ச்சல் வந்தபோது நினைத்துக்கொண்டனர். புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் மருந்துக்கு ஓர் அதிகாரமும் வகுத்த திருக்குறளைப் போற்றும் மக்கள் இவ்விரண்டுக்குமிடையே தமக்கு ஏற்ற வழியைக் கண்டுகொண்டனர் போலும். கொடியிலே சேவலை உயர்த்திய முருகன் இதுபற்றி என்ன எண்ணினான் என்பது ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டது.

இச்சாற்றை எல்லோரும் எளிதிற் பெற்றனர் எனக் கொள்ளலாகாது. முற்றத்துக் கோழி வீட்டுப் பெண்ணின் சிறுதேட்டம். அதன் முட்டையை விற்ற காசு அவள் கையிலே தங்கும் காசு. முட்டையிடும் கோழி ஒன்றை அறுத்தல் நாளைய வருவாயை இன்றைய நோய்க்காகச் செலவிடுதலாகும். வறிய வீடுகளில் மல்லியும் வேர்க்கொம்பும் அவித்த குடிநீரோடு காரியம் முடிந்தது. பிள்ளைப்பேற்றுத் துடக்குக் கழியும் முப்பத்தொராம் நாள்வரையில் தாய்க்கு எத்தனை முறை கோழிச்சாறு கிடைத்தது என்பது அவ்வீட்டின் நிலையை அளக்கும் அளவுகோலாகவும் இருந்தது. பத்தியத்தின் பெயரால் பசுங்கீரையும் பழமும் மறுக்கப்பட்டதால் தாய்மார் நலிந்ததும் உண்டு. பழமை என்ற ஒன்றினாலேயே அதனைப் போற்றிவிடல் தகாது.

இவ்வழக்கம் கடந்துவந்த சோதனைகளுட் பெரியது போர். 1990இன் நடுப்பகுதி முதல் மின்சாரமின்றியும் பொருளாதாரத் தடைக்கு உட்பட்டும் குடாநாடு இருந்தபோது அம்மியும் விறகடுப்புமே எல்லா வீடுகளிலும் மீண்டும் ஆட்சி செய்தன. 1995 ஒற்றோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தபோது அரியாலை, செம்மணி, நாவற்குழி வழியே அவர் நடந்த பாதை. அந்த இரவிலே ஆட்டையும் மாட்டையும் அவிழ்த்து, கோழிக்கூட்டைத் திறந்துவிட்டுச் சென்றோர் பலர். 2000ஆம் ஆண்டு மே மாதத்திலே அரியாலையின் கிழக்குப்புறமும் போர்முனையாயிற்று. அம்மியும் மண்சட்டியும் தோளிற் சுமந்து செல்லத்தக்கன அல்ல. மிளகு, நற்சீரகம், மல்லி, உள்ளி, வேர்க்கொம்பு என்னும் வரிசையோ சுமையாவதில்லை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் கடைக்கோழியையும் அரைக்கும் பொறியையும் கொண்டு அதே வரிசை இன்று காய்ச்சப்படுகின்றது.

மாற்றம் வராமலும் இல்லை. யாழ்ப்பாணத்துக் குசினிகளிலே 'சூப்' என்னும் சொல் 'சாறு' என்பதனைப் பெரிதும் ஒதுக்கிவிட்டது. கரட்டும் லீக்சும் சேர்கின்றன. ஆறு வாரத்தில் வளரும் புறொயிலர் கோழி ஊர்க்கோழியின் இடத்தைக் கொண்டுள்ளது. அதன் இளம் எலும்பிலிருந்து வரும் சாறு விரைவில் வேகும். நாவிலே கனம் குறைவு. 2000ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்துச் சுவாசநோய் ஆய்வாளர் ஸ்ரீபன் ரெனாட், கோழிச் சூப்பு வெண்குருதிக் கலங்களின் நகர்வை ஓரளவு தடுக்கின்றது எனச் சோதனைக்குழாயிற் கண்டு வெளியிட்டார். மனிதரிடத்து அது தடிமனைத் தீர்க்கும் என்பதற்கு அதுவே நிறுவல் ஆகாது. மிளகுக்கும் கோழிக்கும் உள்ள பங்கை வேறாகப் பிரித்து எவரேனும் ஆராயின் யாழ்ப்பாணத்துச் சாறும் அதில் இடம்பெறல் தகும்.

சிக்கனம் நோக்கிய வீடுகளிலே வேறொரு வழக்கமும் காணப்படும். சாறு வடித்தபின் சட்டியில் எஞ்சும் இறைச்சி எறியப்படுவதில்லை. நோயாளிக்கு மிளகுச்சாறு கோப்பையிற் சென்றதும், அவ்விறைச்சியிலே வறுத்த மிளகாய்த்தூளும் வெங்காயமும் இட்டு, அதே தணலிற் பிரட்டி, வீட்டிலுள்ள மற்றவர்கள் சோற்றோடு உண்பர். பிரட்டலின் உறைப்பு மணம் படுக்கை அறைக்கு எட்டுமுன் கதவைச் சாத்திவிடுவாள் தாய்.